மாஸ்டாவின் புகழும் மாஸ்டாவின் கார்களும்

மாஸ்டா என்ற பெயரை எடுத்தால் கார்ப் பித்தர்கள் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். ரோட்டரி எஞ்சின், 1991-ன் லெ மான் பந்தய வெற்றி, டொயோட்டாவுக்கும் நிஸானுக்கும் அடங்காத ஹிரோஷிமா பொறியாளர்களின் பிடிவாதம். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வீரகாவியமே கட்டியிருக்கிறார்கள். கட்டியதில் கம்பெனியின் விளம்பரத் துறைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அமெரிக்க, பிரிட்டிஷ் கார் பத்திரிகைகளுக்கும் உண்டு.

கணக்கைப் பார்த்தால் கதை வேறு. ஜப்பான் ஆலைகளில் மாஸ்டா தயாரித்த வாகனங்களின் மொத்த எண்ணிக்கை 2018-ல் 5 கோடியைத் தொட்டது. 1967-லிருந்து 2012 வரை வந்த ரோட்டரி வண்டிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏறத்தாழ 20 லட்சம்தான். நூற்றுக்கு நாலு. மீதித் தொண்ணூற்றாறும் யாரும் புகழ் பாடாத வண்டிகள்: மூன்று சக்கர லாரி, பிக்கப், ஃபமிலியா, டெமியோ, சி.எக்ஸ்-5. நம் ஊரில் இந்தப் பெயரே, 1983-ல் பஞ்சாபில் தொடங்கிய கூட்டுக் கம்பெனியின் சுவராஜ் மாஸ்டா வேனோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூட வேனாகவும் கல்யாண வேனாகவும் ஓடிய வண்டிக்கும் லெ மான் கோப்பைக்கும் ஒரே பெயர் என்று இங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நூற்றுக்கு நாலு வண்டியின் பேரில் ஒரு கம்பெனி பெயர் வாங்கியிருக்கிறது என்றால், அந்த நாலுக்கு அவ்வளவு தகுதி உண்டா, தொண்ணூற்றாறுக்கு நியாயம் கிடைத்ததா என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1920-ல் ஹிரோஷிமாவில் கார்க் பொருள்கள் செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது இது. மறுவருஷம் தலைமைக்கு வந்த ஜூஜிரோ மட்சுடா அதை இயந்திரங்கள் பக்கம் திருப்பினார். 1931-ல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. மாஸ்டாவின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் வேகமெடுத்து 1945 ஆகஸ்ட் 6-க்குத் தாவிவிடுவது வழக்கம். இடையில், ஜப்பானிய ராணுவத்துக்கு டைப் 99 துப்பாக்கிகளைப் பெருமளவில் செய்து கொடுத்த வருஷங்கள் இருக்கின்றன. அணுகுண்டு விழுந்த அன்று ஜூஜிரோவுக்கு 70-வது பிறந்தநாள். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் தள்ளி, நடுவே ஒரு குன்றும் இருந்ததால் ஆலை தப்பியது. நகரம் சாம்பலான பிறகு அதன் கட்டடங்களில் காயம்பட்டவர்களைப் படுக்க வைத்தார்கள். மாகாண அரசின் அலுவலகமே அங்கே குடிவந்தது. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டியை மறுபடி செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஹிரோஷிமாவுக்கும் மாஸ்டாவுக்கும் உள்ள பந்தம் விளம்பரத்துக்காகப் புனைந்ததல்ல என்பதற்கு இந்த நாலு மாதக் கதையே போதும். ஆனால் ஊரின்மேல் உள்ள பாசம் ஒன்று, அந்த ஊர்க் காரின் தரம் இன்னொன்று. சாம்பலிலிருந்து எழுந்த கம்பெனி என்ற அனுதாபத்தில் அதன் பிற்காலத் தவறுகளைப் பல விமர்சகர்கள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள்.

இனி ரோட்டரி. அதன் பிறப்பு பொறியியல் காதலில் நடந்ததல்ல. அது ஒரு அரசியல் கணக்கு. 1961 வாக்கில் ஜப்பானின் வர்த்தக, தொழில் அமைச்சகம் ஒரு யோசனை வைத்திருந்தது: நாட்டில் கார் கம்பெனிகள் அதிகம், வெளிநாட்டுப் போட்டி வருவதற்குள் இவற்றை இரண்டு மூன்று தொகுதிகளாக இணைத்துவிட வேண்டும். அப்போது டோயோ கோக்யோ என்ற பெயரில் இருந்த மாஸ்டா கார் தொழிலுக்குப் புதிது. முதல் கார் ஆர்360 வந்ததே 1960-ல்தான். யாரோ ஒரு பெரிய கம்பெனியின் கிளையாகிவிடும் ஆபத்து நிஜமாகவே இருந்தது. தலைவர் ட்சுனேஜி மட்சுடா ஜெர்மனிக்குப் போய், என்.எஸ்.யூ. கம்பெனியிடமிருந்து ஃபெலிக்ஸ் வான்கலின் புதுவகை எஞ்சினுக்கு உரிமம் வாங்கிவந்தார். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால் இணைப்புப் பட்டியலிலிருந்து தப்பலாம் என்பது அவர் கணக்கு. வங்கியில் கடன் கேட்கவும் அது உதவும்.

வாங்கிவந்த எஞ்சின் ஓடவில்லை என்றே சொல்ல வேண்டும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. நிலக்கடலைத் தோடு வடிவிலான அறைக்குள் ஒரு முக்கோண ரோட்டார் சுற்றும். அதன் மூன்று முனைகளும் அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். முனைகளில் பதித்த மெல்லிய சீல்கள்தான் அழுத்தம் கசியாமல் காக்க வேண்டும். சில நூறு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால் அறையின் உட்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கோடு தொடர்ந்து விழாமல் புள்ளி புள்ளியாகத் துள்ளி விழுமே, அதே சங்கதிதான் சீலுக்கும் நேர்ந்தது. பொறியாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். 1963-ல் கெனிச்சி யாமாமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட தனித்துறை அமைந்தது. எசமானுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்களின் பழங்கதையோடு எண்ணிக்கை ஒத்துப்போனதில் கதைசொல்லிகளுக்குக் கொண்டாட்டம். வேலை என்னவோ கதையைவிடச் சலிப்பானது. சீலின் அதிர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் துளையிட்டு அதன் அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீலில் வந்து நின்றது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

இதில் மாஸ்டாவுக்குக் கொடுக்க வேண்டிய பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. கண்டுபிடித்த என்.எஸ்.யூ.வே அதே வருஷம் கொண்டுவந்த ஆர்ஓ80 காரில் சீல் தேய்ந்து, எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நொடித்து, 1969-ல் ஆடியோடு கலந்துபோனது. ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலருக்கு உரிமம் வாங்கிவிட்டு ஒரு காரைக்கூட விற்கவில்லை. சிட்ரோவென் விற்ற ரோட்டரி கார்களைத் தானே திரும்ப வாங்கி நொறுக்கியது. மெர்சிடீஸ் சோதனைக் காரோடு நிறுத்திக்கொண்டது. இத்தனை பேர் தோற்ற இடத்தில் மாஸ்டா ஜெயித்தது. அதிலும் காஸ்மோ இரண்டாயிரம் எண்ணிக்கையை எட்டாத காட்சிப்பொருள். மறுவருஷமே ஃபமிலியா என்ற சாதாரணக் குடும்பக் காரில் அதே எஞ்சினை வைத்து விற்றார்களே, சாதனை அங்கேதான் இருக்கிறது.

ஆனால், ரோட்டரிதான் மாஸ்டாவின் சுதந்திரத்தைக் காப்பாற்றியது என்று சொல்லும் வழக்கமான வாதம் நிற்காது. தேதிகளைப் பாருங்கள். இணைப்புக்கு வழிசெய்யும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் 1964-ல் செத்துப்போனது. அதைக் கொன்றது வங்கிகளும் தொழிலதிபர்களும். சோய்ச்சிரோ ஹோண்டா போன்றவர்கள் அமைச்சகத்தோடு வெளிப்படையாகவே மோதினார்கள். காஸ்மோ கடைக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. பிரின்ஸ் கம்பெனி 1966-ல் நிஸானோடு இணைந்ததும், ஹினோவும் டைஹட்சுவும் டொயோட்டாவின் நிழலுக்குப் போனதும் உண்மை. ஆகவே அச்சத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அச்சத்தைத் தாண்ட மாஸ்டாவுக்கு உதவியது அன்றைக்கு நன்றாக விற்றுக்கொண்டிருந்த சிறிய லாரிகளும் மலிவுக் கார்களும் என்பதே என் வாதம். ரோட்டரியின் ஆராய்ச்சிச் செலவைச் சம்பாதித்துக் கொடுத்தவையும் அவையே.

அந்த எஞ்சினின் குறை உற்பத்திப் பிழை அல்ல, அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. எரிப்பு நடக்கும் அறை நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஓரங்களில் பெட்ரோல் எரியாமல் தங்கிவிடும். சீல் காயாமல் இருக்க ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்க வேண்டும். பெட்ரோலும் குடிக்கும், ஆயிலும் குடிக்கும். பெட்ரோல் மலிவாக இருந்தவரை இது ஒரு சின்னக் குறை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட பட்டியலில் மாஸ்டா ரோட்டரி நகரச் சாலையில் கேலனுக்கு 10, 11 மைல் என்ற அளவில் நின்றது. சின்ன ஜப்பானியக் கார், மைலேஜோ பெரிய அமெரிக்கக் காருக்குச் சமம். அப்போது தலைவராக இருந்த கோஹேய் மட்சுடா, நிறுவனரின் பேரன், சோதனை முறையைக் குறை சொன்னாரே தவிர உற்பத்தியைக் குறைக்கவில்லை. விற்காத கார்கள் துறைமுகங்களில் குவிந்தன.

கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது சுமிட்டோமோ வங்கி. தன் ஆட்களை நிர்வாகத்தில் உட்கார வைத்தது. தன் குழுமக் கம்பெனிகளை மாஸ்டா கார்களை வாங்கச் சொன்னது. 1977 முடிவில் மட்சுடா குடும்பத்தின் பிடியை விலக்கியது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்பது மேலாண்மைப் பாடநூல்களில் பெருமையாக வரும் செய்தி. நேரடியாக யாரையும் அனுப்பவில்லை, வாஸ்தவம். ஆனால் போனவர்களின் இடத்தை நிரப்பாமலே விட்டதில் சில வருஷங்களில் ஏறத்தாழ 10,000 வேலைகள் மறைந்தன. ஆலைத் தொழிலாளர்களைப் பல ஊர் டீலர்களிடம் அனுப்பி வீடு வீடாகக் கார் விற்க வைத்தார்கள். லேத்தில் நின்ற மனிதனை அறியாத ஊரில் மணி அடித்துக் கார் விற்கச் சொன்னதும் ரோட்டரி வரலாற்றில் ஒரு அத்தியாயம்தான். வீரகாவியத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. (கம்பெனி நோயில் படுத்திருந்த 1975-ல்தான் அது வளர்த்த பேஸ்பால் அணியான ஹிரோஷிமா கார்ப் முதல்முறையாக லீக் பட்டம் வென்றது. ஊருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஊகிக்கலாம்.)

1979-ல் ஃபோர்டு கால்பங்கை வாங்கியது. 1996-ல் அதை 33.4 சதவீதமாக்கி, ஹென்றி வாலஸைத் தலைவராக்கியது. ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் வெளிநாட்டவர் அவர். எந்தச் சுதந்திரத்தைக் காப்பதற்காக ரோட்டரியை வாங்கினார்களோ அந்தச் சுதந்திரம், ரோட்டரி ஏற்படுத்திய காயத்தில்தான் கைநழுவியது. ஃபோர்டுக்கு மாஸ்டாவிடமிருந்து வேண்டியிருந்தது சின்னக் கார் செய்யும் நுட்பம். முக்கோண எஞ்சினை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறைமலை நகரில் கட்டிய ஃபோர்டு ஈகோஸ்போர்ட்கூட, மாஸ்டா2-வோடு பங்கிட்டுக்கொண்ட ஃபியஸ்டா அடித்தளத்தின் வழி வந்ததுதான்.

லெ மானுக்கு வருவோம். 1991 ஜூன் 23 அன்று 55-ம் எண் மாஸ்டா 787பி கார் முதலிடத்தில் வந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே வென்றது அதுவே முதல்முறை. அடுத்த வெற்றிக்கு 2018-ல் டொயோட்டா வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிஸ்டன் இல்லாத எஞ்சின் வென்றது அந்த ஒருமுறைதான். கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் இறங்கியதும் நீர்ச்சத்து இழந்து மயங்கிவிட்டார். மேடை ஏறக்கூட முடியவில்லை. ஆறாவது, எட்டாவது இடங்களிலும் மாஸ்டாவே வந்தது. போட்டியில் விட்ட மூன்று காரும் முடித்தன. 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தக் கடைசித் தகவல்தான் என்னை அதிகம் கவர்கிறது.

மற்ற உண்மைகளையும் தட்டில் வைக்க வேண்டும். ஜாகுவாரும் மெர்சிடீஸும் 1,000 கிலோ எடையோடு ஓட வேண்டியிருந்தது. மாஸ்டாவுக்கு 830 கிலோ போதும் என்று விதியில் சலுகை. அணித் தலைவர் தகாயோஷி ஓஹாஷி அதிகாரிகளிடம் பேசிப் பேசி வாங்கிய சலுகை அது. எடை குறைந்தால் பெட்ரோலும் பிரேக்கும் டயரும் மிச்சம். பந்தயத்துக்குக் கொடுக்கும் எரிபொருளுக்கு அளவு உண்டு என்னும்போது இது சாதாரண உதவியல்ல. அப்படியும் முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடீஸ் மூன்று மணி நேரம் மிச்சமிருக்கும்போது சூடேறி நின்றுபோனதால்தான் முதலிடம் கிடைத்தது. ‘ஜெயித்துவிட்டதால் ரோட்டரியைத் தடைசெய்தார்கள்’ என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது சுத்தப் பிசகு. 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு மாறும் விதி அதற்கு முன்பே முடிவானது. ரோட்டரிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று போட்டிக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். வெற்றி நியாயமான வெற்றி, விதிக்கு உட்பட்ட வெற்றி. ஆனால் அது நிரூபித்தது அந்த அணியின் திட்டமிடலையும் அந்தக் காரின் உழைப்பையும். ரோட்டரி பிஸ்டனைவிட மேலானது என்பதை அது நிரூபிக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு பெரிய கம்பெனி எதுவும் ரோட்டரி பக்கம் திரும்பாததற்குக் காரணமும் இதுவே.

எம்எக்ஸ்-5 என்ற ஸ்போர்ட்ஸ் கார் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் எழுத்தாளர் 1979-ல் யாமாமோட்டோவிடம் சொன்ன யோசனை, தோஷிஹிகோ ஹிராயின் கையில் 1989-ல் காரானது. இரண்டே இருக்கை, லேசான உடம்பு, பின்சக்கர உந்தல். பிரிட்டிஷ்காரர்கள் செய்து கைவிட்ட ரகம், ஆனால் மழையில் ஸ்டார்ட் ஆகும், ஆயில் ஒழுகாது. 2016-ல் 10 லட்சமாவது வண்டி வெளிவந்தது. அந்தக் காருக்குள் இருந்தது 323 குடும்பக் காரின் 1.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினின் உறவுக்காரன். மாஸ்டாவின் ரசிகர்கள் உண்மையிலேயே வாங்கி, ஓட்டி, கொண்டாடிய கார், கம்பெனியின் சில்லறைப் பெட்டியில் கிடந்த உறுப்புகளைக் கொண்டு எழுந்தது.

இதே 1989-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. ஜப்பானில் பணம் பொங்கிய காலம். மாஸ்டா, யூனோஸ், ஆட்டோஜாம், அன்ஃபினி, ஆட்டோராமா என்று ஐந்து பெயரில் ஐந்து கடை வரிசை; ஒரே காருக்கு முகமூடி மாற்றிப் பல பெயர். அமெரிக்காவுக்கு அமாட்டி என்று ஒரு ஆடம்பர பிராண்டும் திட்டமிட்டு 1992-ல் கைவிட்டார்கள். குமிழி வெடித்ததும் விற்க முடியாத கார்களைத் தள்ளுபடியில் தள்ளினார்கள். வாங்கும்போது மலிவு, விற்கப் போனால் ரீசேல் மதிப்பு இல்லை, மாஸ்டா டீலர் மட்டும்தான் கொஞ்சம் நல்ல விலை கொடுப்பார், அதுவும் இன்னொரு மாஸ்டா எடுத்தால். ஜப்பானியர்கள் இதை ‘மாஸ்டா நரகம்’ என்றே பேசிக்கொண்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் பொறியாளர்களின் சொர்க்கம், சொந்த நாட்டில் வாடிக்கையாளரின் நரகம். ஒரே கம்பெனியின் பெயர் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படிப் பிளந்து கிடந்ததை வீரகாவியக்காரர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

என் பார்வையில் மாஸ்டாவின் உண்மையான உச்சம் 2011-ல் வந்தது, அதுவும் பணம் தீர்ந்தபோது. 2008 நெருக்கடியில் ஃபோர்டு தன் பங்கை விற்கத் தொடங்கியிருந்தது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிகர நஷ்டம் 10,700 கோடி யென்னைத் தாண்டியது. டொயோட்டா ஹைப்ரிடில் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பியர்கள் எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ மாட்டிக்கொண்டிருந்தார்கள். நிஸான் மின்சாரக் காரை இறக்கிவிட்டது. மூன்றுக்கும் மாஸ்டாவிடம் காசில்லை. மிட்சுவோ ஹிட்டோமி என்ற எஞ்சின் பொறியாளரின் குழு, இருக்கிற பெட்ரோல் எஞ்சினையே எடுத்து, அதில் வீணாகும் சக்தியை ஒவ்வொன்றாகத் துரத்தியது.

அவர்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதத்தை, அதாவது கம்ப்ரெஷனை, ஏற்றினால் மைலேஜ் கூடும் என்பது மெக்கானிக் படிப்பின் முதல் பாடம். ஏற்றினால் எஞ்சின் ‘நாக்’ அடிக்கும் என்பது இரண்டாம் பாடம். ஆகவே பெரும்பாலோர் 10, 11 என்ற விகிதத்தில் நின்றார்கள். மாஸ்டாக்காரர்கள் நாக் ஏன் வருகிறது என்று தோண்டினார்கள். முந்தைய எரிப்பின் சூடான புகை கொஞ்சம் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது புதிதாக வரும் கலவையைச் சுடவைத்துவிடுகிறது. புகை தங்கக் காரணம், பக்கத்துச் சிலிண்டர் விடும் புகை குட்டையான புகைக்குழாய் வழியாகத் திரும்பித் தள்ளுவது. தீர்வு, குழாயை நீளமாக்கி நாலை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்குவது. பந்தயக் கார்களில் பழைய வித்தை இது. ஆனால் நீளக் குழாயில் புகை ஆறிவிடும். குளிர்காலக் காலையில் புகை சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சீக்கிரம் சூடாகாது. அதற்காகப் பிஸ்டனின் தலையில் ஒரு குழிவு வைத்து, தாமதமாகப் பற்றவைத்தாலும் ஒழுங்காக எரியும்படி செய்தார்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும், அதையும் திருத்து. இப்படியே போய் 14-க்கு 1 என்ற விகிதத்தை எட்டினார்கள். அந்த விகிதத்தில், சாதாரணப் பெட்ரோலில், மின்மோட்டார் உதவியே இல்லாமல் 1.3 லிட்டர் டெமியோ அன்றைய ஜப்பானியச் சோதனை முறையில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்ற அளவைக் காட்டியது. ஸ்கைஆக்டிவ் என்று பெயர் வைத்தார்கள். 47 பேரின் கதைக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட இந்தக் குழாய்க்குக் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கான லிட்டர் பெட்ரோலை மிச்சம் பிடித்தது இந்தக் குழாய்தான்.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020 நவம்பரில் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் டொயோட்டாவையும் லெக்ஸஸையும் தாண்டி மாஸ்டா முதலிடம் பிடித்தது. காரணம் என்னவென்று பார்த்தால் ரசிகர்களுக்குக் கசக்கும். மாஸ்டா தன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அவசரப்பட்டு மாற்றுவதில்லை. தேர்ந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறது. ஒரே உறுப்புகளைப் பல மாடல்களில் பயன்படுத்துகிறது. நம்பகம் வந்தது துணிச்சலால் அல்ல, பத்திரமாக நடந்துகொண்டதால்.

எதிர்த்தட்டில் வைக்க வேண்டியவையும் கனமானவை. 2001 எம்எக்ஸ்-5-ன் குதிரைத்திறனை அமெரிக்காவில் 155 என்று சொல்லி விற்றுவிட்டு 142 என்று திருத்தி, வேண்டாதவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். ஒருமுறை என்றால் தவறு. இரண்டு வருஷத்தில் ஆர்எக்ஸ்-8 என்ற ரோட்டரி காரிலும் அறிவித்த திறன் இறங்கியது, அதற்கும் நஷ்டஈடு. அதே ஆர்எக்ஸ்-8-ல் எஞ்சின்கள் சீக்கிரம் கம்ப்ரெஷன் இழந்ததால் அமெரிக்காவில் எஞ்சின் வாரண்டியை 8 வருஷம், 1 லட்சம் மைல் என்று நீட்ட வேண்டிவந்தது. நாற்பது வருஷ ரோட்டரி அனுபவத்துக்குப் பிறகும் பழைய சீல், பழைய வியாதி. குளிர்நாடுகளில் 2000-களின் மாஸ்டா3, மாஸ்டா6 கார்களின் பின்சக்கர வளைவு துருப்பிடிப்பது ஊரறிந்த விஷயம். ஸ்கைஆக்டிவ் குடும்பத்திலேயே டீசல் எஞ்சின் கரி படியும் கோளாறுக்காக ஜப்பானில் பலமுறை ரீகால் ஆனது. அமெரிக்காவுக்கு அந்த டீசலை வருஷக்கணக்கில் இதோ அதோ என்று சொல்லி, 2019-ல் கொண்டுவந்து, சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இவற்றைவிடக் கசப்பான இரண்டு. கோளாறான கார்களுக்குப் பணம் திருப்பக் கேட்ட ஒன்பது வாடிக்கையாளர்களிடம் மாஸ்டா ஆஸ்திரேலியா 49 தடவை பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் தகவல் தந்ததாக அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2021-ல் முடிவு செய்தது; 2024-ல் 1.15 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே 2024 ஜூனில், டொயோட்டா, ஹோண்டாவோடு சேர்ந்து மாஸ்டாவும் தரச்சான்று சோதனைகளில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொண்டது. மோதல் சோதனையில் ஏர்பேக்கை உணர்கருவிக்கு விடாமல் டைமர் வைத்து வெடிக்கச் செய்திருக்கிறார்கள். ரோட்ஸ்டர் ஆர்எஃப், மாஸ்டா2 கார்களின் எஞ்சின் சோதனையில் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். மற்றவர்களைவிட எண்ணிக்கை குறைவு என்று சமாதானம் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. டொயோட்டா தன்னைப் பொறியாளர்களின் ஆன்மா என்று விற்பதில்லை, மாஸ்டா விற்கிறது. அந்த விளம்பரத்தை எழுதியவனுக்கு இந்த அளவுகோலும் பொருந்தும்.

ஆக, தீர்ப்பு. ரோட்டரி ஒரு நிஜமான பொறியியல் சாதனை, மோசமான வணிக முடிவு, அளவுக்கு மீறிய புராணம். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. அதை வைத்து மாஸ்டாவைப் பெரிய கம்பெனிகளின் வரிசையில் உட்கார வைப்பவர்கள் தவறான சான்றிதழைக் காட்டுகிறார்கள். சரியான சான்றிதழ் ஸ்கைஆக்டிவின் புகைக்குழாய், எம்எக்ஸ்-5-ன் லேசான உடம்பு, பெரியது சிறியது என்று பார்க்காமல் பல மாடல்களை ஒரே வரிசையில் கட்டும் ஹிரோஷிமா, ஹோஃபு ஆலைகளின் ஒழுங்கு. சின்னக் கார் செய்வதில் உலகின் முதல் ஐந்து கம்பெனிகளுக்குள் மாஸ்டாவை வைப்பேன். நேர்மையில் அதற்குத் தனி இடம் எதுவும் தர மாட்டேன். மற்றவர்கள் நிற்கும் வரிசையிலேயே நிற்கட்டும். அடங்காத சுதந்திரம் என்ற மூன்றாவது புகழுக்கோ ஆதாரமே இல்லை. முதலில் சுமிட்டோமோ, பிறகு ஃபோர்டு, 2017 முதல் 5.05 சதவீதப் பங்கோடு டொயோட்டா. ஐரோப்பாவில் விற்கும் மாஸ்டா2 ஹைப்ரிட் டொயோட்டா யாரிஸ்தான். மாஸ்டா 6இ மின்சாரக் கார் சீனாவின் சாங்கானோடு சேர்ந்து செய்தது. ஆண்டுக்கு 12, 13 லட்சம் கார் விற்கும் கம்பெனி எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முடியாது என்பதால் இதைக் குறையாகவும் நான் சொல்லவில்லை.

கவலை என்னவென்றால், கம்பெனியே தன் புராணத்தை மறுபடி நம்பத் தொடங்கியிருக்கிறது. 2022-ல் ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின், பின்சக்கர உந்தல் என்று பெரிய கார்களுக்குப் பணத்தைக் கொட்டியது; அதில் வந்த சி.எக்ஸ்-60-ன் பின்பக்க சஸ்பென்ஷன் முரடாக இருக்கிறது என்று குறை எழுந்து மாற்ற வேண்டியதாயிற்று. அதே காலத்தில் அதன் சொந்த மின்சாரக் காரான எம்எக்ஸ்-30, 35.5 கிலோவாட்-மணி பேட்டரியோடு ஐரோப்பியக் கணக்கில் ஒருமுறை சார்ஜுக்கு 200 கிலோமீட்டர்தான் ஓடியது. அமெரிக்காவில் 2023-க்குப் பிறகு விற்பனையை நிறுத்தினார்கள். எம்எக்ஸ்-30-ஐக் காப்பாற்ற 830 சி.சி. ஒற்றை ரோட்டார் எஞ்சினை ஜெனரேட்டராக மாட்டினார்கள். பேட்டரி தீர்ந்த பிறகு அது குடிக்கும் பெட்ரோல் ஒரு சாதாரண ஹைப்ரிட் காரைவிட அதிகம். ஜெனரேட்டர் வேலைக்கு அதே விலையில் ஒரு சின்ன ஸ்கைஆக்டிவ் எஞ்சின் இன்னும் சிக்கனமாக இருந்திருக்கும் என்பது அந்த எஞ்சினைச் செய்த கம்பெனிக்கே தெரியாமல் இருக்காது. 2024 பிப்ரவரியில் 36 பேரோடு ரோட்டரி மேம்பாட்டுக் குழுவை மறுபடி அமைத்திருக்கிறார்கள். அந்த 36 பேரையும் சம்பளம் குறையாமல் டெமியோவின் அடுத்த தலைமுறைக்கு மாற்றிவிட வேண்டும் என்பேன்.